முதுகில் ஈரம்

வைகாசி 3, புதன்

வெயில். காற்றே இல்லை. காலையில் செல்வியின் முதுகுக்குக் கீழே விரிப்பு நனைந்திருந்தது.

"ஏங்க, முதுகுல என்னமோ ஈரமா இருக்குது."

"வேர்வைதான். அக்னி நட்சத்திரத்துல யாருக்கு வேர்க்கல?" சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

மெட்ராஸில் ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, ரயிலில் படுக்க வைத்துக் கூட்டி வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. முதுகுத்தண்டில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். கால் மரத்துப்போவது குறைந்திருக்கிறது. புதிதாக ஒரு தலைவலி. உட்கார்ந்தால் வலிக்கிறது, படுத்தால் போய்விடுகிறது. இது என்ன தலைவலி என்று எனக்கு எரிச்சல். படுத்தே கிடந்தால் கால் விளங்காமல் போகும் என்று தினமும் பிடித்து உட்கார வைக்கிறேன். இன்றும் வைத்தேன். வாந்தி எடுத்தாள்.

வாங்க வேண்டியது: ரொட்டி, குளுக்கோஸ், விளக்குத் திரி. மகள் ஸ்ரீமுஷ்ணத்தில் பாட்டி வீட்டிலேயே இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். மாமியாருக்கு முழங்கால் வலி, இங்கே வந்து செ.யைப் பார்த்துக்கொள்ள முடியாது. ஆக நான்தான்.

வைகாசி 5, வெள்ளி

வேர்வை இல்லை அது.

விரிப்பை மாற்றி, விசிறிக்கொண்டே பார்த்தேன். உடம்பு காய்ந்திருக்கிறது. தையல் போட்டிருந்த இடத்தின் கீழ்முனையில் மட்டும் தண்ணீர் ஊறுகிறது. தெளிந்த தண்ணீர். வாடை இல்லை.

ஓடிப்போய் கடைத்தெரு டாக்டரை அழைத்து வந்தேன். பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"உக்கார வெச்சீங்களா?"

"ஆமாங்க. தினமும்."

அவர் சொன்னது: முதுகுத்தண்டைச் சுற்றி ஒரு நீர் இருக்கிறது. அது வெளியே போகாமல் ஒரு உறை. கட்டியை எடுக்க அந்த உறையைத் திறந்து தைத்திருக்கிறார்கள். அந்தத் தையல் சரியாக மூடிக்கொள்ளவில்லை, நீர் கசிகிறது. உட்கார்ந்தால் அதிகம் கசியும். மூளைக்குத் தாங்கல் குறையும், அதனால்தான் அந்தத் தலைவலி.

மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டுப் பெரிய டாக்டரிடம் பேசினார். பாதிப் பேருக்குப் படுத்திருந்தாலே அடைந்துவிடுமாம். இப்போது தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்றாராம். தோலில் இரண்டு தையல் கூடப் போட்டு, பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டினார்.

உத்தரவுகள். தலையணை கூடாது. கட்டிலின் கால்மாட்டை உயர்த்த வேண்டும். எழவே கூடாது, எதற்கும். முக்கக் கூடாது. இருமல் வரக் கூடாது. காய்ச்சலோ கழுத்து விறைப்போ வந்தால் அந்த நிமிஷமே மெட்ராஸ்.

நான் வேலை செய்யும் பீங்கான் சூளையிலிருந்து செங்கல் வாங்கி வந்து கால்மாட்டில் வைத்தேன். படுத்தபடியே வெளிக்குப் போக மருந்துக் கடையில் பெட்பேன் வாங்கினேன்.

அவள் "வலிக்குது" என்று சொன்ன ஒவ்வொரு நாளும் நான்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தேன்.

வைகாசி 6, சனி

பெட்பேன். எழுதவே கூசுகிறது. சூளையில் நான் வேலை செய்வது கக்கூஸ் கோப்பை செய்யும் பிரிவில். நாள் முழுக்க அதைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவன். கட்டின பெண்டாட்டிக்கு எடுத்துப்போட முகம் சுளிக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு செய்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பார்த்திருக்க மாட்டாள்.

கஞ்சி நானே வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது. நல்லா இருக்குது என்றாள்.

வைகாசி 9, செவ்வாய்

வெள்ளியிலிருந்து போட்ட லீவு இதற்குமேல் கிடையாது. காலையில் கஞ்சி, மருந்து, கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர், எல்லாம் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பக்கத்து வீட்டு கோவிந்தம்மாவிடம் எட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் பெட்பேன் வைத்த இடத்தில் காய்ந்து கிடக்கிறது. கேட்டேன். "வரல. கஞ்சி மட்டும்தானே குடிக்கறேன்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கட்டு மறுபடியும் ஈரம்.

வைகாசி 11, வியாழன்

டாக்டருக்குப் புரியவில்லை. படுத்தே இருந்தும் கசிவு ஏன் நிற்கவில்லை என்கிறார். கட்டை மாற்றினார். "அசையாம படுத்திருக்கியாம்மா?" "இருக்கறேன் டாக்டர்."

மழை வரும்போல இருட்டிக்கொண்டு வந்தது. வரவில்லை.

வைகாசி 12, வெள்ளி

மத்தியானம் சூளையில் கரண்ட் போய் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். தெருமுனையில் கோவிந்தம்மா, தண்ணீர்க் குடத்தோடு.

"தம்பி, கேக்கறேன்னு தப்பா நெனக்காதீங்க. டாக்டரு எழுந்திரிக்கலாம்னு சொல்லிட்டாரா?"

"இல்லையே. ஏன்?"

"நீங்க வேலைக்குப் போனதும் செவுத்தப் புடிச்சிக்கிட்டு கொல்லப்பக்கம் போயிட்டு வராங்களே, தினமும். நான் எடுத்துப்போடறேன்னு சொன்னேன். கேக்கல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. மனசு கேக்கல, சொல்லிட்டேன்."

வீட்டுக்குள் போனதும் கத்தினேன். செத்துப்போகணுமா உனக்கு என்று கேட்டேன். அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அப்படியே சொன்னாள்:

"அன்னிக்கி உங்க மூஞ்சியப் பாத்தேங்க. உங்கள அப்படி எப்பவும் பாத்ததில்ல. மறுபடியும் பாக்க முடியாதுன்னு தோணிச்சி."

கொல்லைப்பக்கம் போய் நின்றேன். கட்டிலிலிருந்து இருபது தப்படி இருக்கும். அந்த வெயிலில், அந்தத் தலைவலியோடு.

வைகாசி 14, ஞாயிறு

விடியும்போதே காய்ச்சல். கழுத்து வளையவில்லை. வெளிச்சம் கண்ணில் பட்டால் முனகுகிறாள்.

டாக்டர் வந்து ஊசி போட்டு, கையோடு ஒரு கடிதம் கொடுத்தார். வேப்பூரில் இருந்து வாடகை வேன் வந்தது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டோம். கோவிந்தம்மாவும் ஏறிக்கொண்டாள். வேப்பூர் தாண்டியதும் வரிசையாக லாரிகள். டிரைவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "புடிச்சிக்கங்க சார்" என்றார். இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். விழுப்புரம் வரும்போது என்னை யாரென்று கேட்டாள்.

வைகாசி 20, சனி

மெட்ராஸ். கசிந்த வழியாகவே கிருமி உள்ளே போய்விட்டதாம். ஊசி ஊசியாக. நேற்றிலிருந்து காய்ச்சல் இறங்குகிறது. ஆளை அடையாளம் தெரிகிறது.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். கூடவே ஒரு கூட்டம். "வீட்ல படுத்திருந்தாங்களா, நடந்தாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் செ. சொன்னாள். "நான்தாங்க நடந்தேன். அவரு வேணாம்னுதான் சொன்னாரு. நான் கேக்கல."

வார்டு முழுக்கக் கேட்கும்படி திட்டினார். படிக்காத ஜனங்கள், சொன்னால் புரியாது, உயிர் போயிருக்கும், இன்னும் என்னென்னவோ. அவள் "ஆமாங்க, ஆமாங்க" என்றாள். நான் ஃபிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கூட்டம் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது.

வைகாசி 27, சனி

நேற்று மறுபடி ஆபரேஷன். திறந்து, தொடையில் இருந்து கொஞ்சம் சதை எடுத்து ஓட்டையில் வைத்துத் தைத்தார்களாம். இனி கசியாது என்கிறார்கள்.

பெண்கள் வார்டில் ஆண்களுக்குப் பார்வை நேரம் மட்டும்தான். ஆயாவைக் கெஞ்சி உள்ளே போனேன். பெட்பேனை நானே வாங்கிக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவினேன். ஆயா சிரித்தாள். செ. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு:

"உங்கம்மா கடைசியில படுத்துட்டாங்கல்ல, அப்ப நானும் மூஞ்சிய சுளிச்சிருக்கேன். அவங்களுக்குக் கண்ணு மங்கலு, தெரியல. எனக்குக் கண்ணு தெரியுது. அவ்ளோதான் வித்தியாசம். இத்தப் பெருசா வெச்சிக்காதீங்க."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்கிறாள். மூன்று மாதம் அம்மாவுக்குச் செய்தவள். நான் செய்தது சில நாள்தான்.

ஆனி 5, திங்கள்

கட்டு காய்ந்திருக்கிறது. இன்று தலைமாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். ஒவ்வொரு தடவையும் நான் கேட்டேன்.

"தலை வலிக்குதா?"

"இல்ல."

முழுக்க உட்கார்ந்தாள். சுற்றும் பார்த்தாள். "இந்த வார்டுல இத்தினி ஜன்னலா" என்றாள்.

வலது பாதம் தூக்க வரவில்லை. பெரிய டாக்டரிடம் கேட்டேன். நீர் கசிந்ததாலா, காய்ச்சலாலா, நடந்ததாலா. "கட்டியாலயே இருந்திருக்கலாம். சொல்ல முடியாதுப்பா. கொஞ்சம் தேறும், முழுசாத் தேறாது" என்றார். நடக்கவிட்டது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் போய்விட்டார்.

செ.க்கு மகளைப் பார்க்க வேண்டுமாம். "நான் உக்காந்திருக்கறப்ப வந்து பாக்கட்டும்ங்க."

காலையில் பஸ் ஏறி ஸ்ரீமுஷ்ணம் போக வேண்டும். அம்மா கால் ஏன் இப்படி என்று பெண் கேட்பாள். கட்டியாலேயே இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதையே சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை.