வீட்டில் எத்தனை பேர்?

காஜா பெராங், 21 பிப்ரவரி 1944, திங்கள்

சராசரி சொல்லிக்கொடுக்கலாமென்று, வீட்டில் எத்தனை பேர் என ஒருவரையொருவர் கேட்டு எழுதும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். முதல் பெஞ்சு சரசு எழுந்து, "அரிசி கார்டுல உள்ள ஆளா டீச்சர், நெசமா வீட்ல இருக்கிற ஆளா?" என்றாள். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

ஜப்பான்காரர்களுக்காகச் சயாமில் ரயில் பாதை போடப் போனவர்களின் பெயரை எந்த வீட்டிலும் கார்டிலிருந்து எடுக்கவில்லை. வெளியே தெரிந்தால் அரிசியைக் குறைத்துவிடுவார்கள்.

"எல்லாரும் சிலேட்டை அழிங்க" என்றேன்.

சரசு விடவில்லை. "உங்க வீட்ல எத்தனை பேர் டீச்சர்?"

மூன்று என்று வாயில் வந்துவிட்டது. நான், மகள், அவர். அவர் சயாமுக்குப் போய் எட்டு மாதம். ஒரு கடிதம்கூட இல்லை. ஏன் மூன்று என்றேன்? அது கார்டில் உள்ள மூன்றா என்று நல்லவேளை அவள் கேட்கவில்லை.