பச்சைப் பை அக்கா

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை ஆட்டாதே என்று அம்மா இன்றைக்கு மட்டும் நாலு தடவை சொல்லிவிட்டாள். ஆட்டாமல் எப்படி உட்காருவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

பள்ளியில் புதுப் பாடம் ஒன்று. வடிவமைப்புச் சிந்தனை என்று பெயர். பரீட்சை கிடையாது. நாலு பேர் சேர்ந்து ஒரு பொருளைச் செய்து, மார்ச் ஆறாம் தேதி எல்லார் முன்னாலும் காட்ட வேண்டும். டீச்சர் பலகையில் ஐந்து சொல் எழுதினார். கேள், பிரச்சினையைப் பிடி, யோசி, செய், சோதி. முதல் சொல்லுக்குத்தான் நேரம் அதிகம் ஆகுமாம். யாருக்காகச் செய்கிறோமோ அவரிடம் கேட்காமல் ஒரு அட்டையைக்கூட வெட்டக் கூடாதாம். எனக்கு அப்போதே கை அரித்தது. யோசித்தோமா, செய்தோமா என்று போகாமல் எதற்கு இந்தச் சுற்றல்?

எங்கள் குழுவில் தளபதி (யாரும் நியமிக்கவில்லை, தானே நியமித்துக்கொண்டான்), ஒட்டு (விரலில் எப்போதும் பசை), நான், சுண்டு. சுண்டு ஒன்றாம் வகுப்பிலிருந்து என்கூட இருக்கிறாள். மற்றவர்களுக்கு நான் பத்து நிமிஷத்தில் அலுத்துவிடுவேன். அவளுக்கு மட்டும் பத்து வருஷமாக அலுக்கவில்லை. ஏன் என்று கேட்டதில்லை, பயம்தான்.

எங்கள் தலைப்பு பஸ் ஸ்டாப். தளபதி உத்தரவு. ஆளுக்கு ஐந்து பேரிடம் கேட்டு எழுதி வர வேண்டும்.

பிப்ரவரி 6, வெள்ளி

மார்க்கெட் ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் நின்றேன். முதல் ஆள் காதில் ஒயர், தலையை ஆட்டினார், எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை. இரண்டாவது ஒரு மாமி, "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். மூன்றாவது ஆள், "ஏம்மா, உனக்கு வேற வேலை இல்லையா?" என்று சத்தமாகக் கேட்டார். ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. காது சுட்டுவிட்டது.

போய் மதில்மேல் உட்கார்ந்தேன். இன்னும் இரண்டு பேர் பாக்கி. நானே எழுதிவிட்டேன்.

ஒன்று சும்மா ஒப்புக்கு, காலேஜ் பையன், பஸ்ஸில் கூட்டம் அதிகம் என்கிறான். இன்னொன்று எழுத எழுத வந்தது. முதல் பஸ்ஸுக்கு, ஐந்து பத்துக்கு, மார்க்கெட் ஸ்டாப்பில் தனியாக நிற்கிற ஓர் அக்கா. கையில் பச்சைப் பை. "இருட்டுல நான் கை காட்டுறது டிரைவருக்குத் தெரியல. பஸ்ஸு நிக்காமப் போயிடுது. நான் அங்க நிக்கவே இல்லாத மாதிரி." இதுதான் அவள் சொன்னது. அதாவது நான் சொன்னது.

ஐந்து பத்துக்கு நான் ஒருநாளும் கண்ணைத் திறந்ததுகூட இல்லை.

பிப்ரவரி 9, திங்கள்

டீச்சர் என் தாளை வகுப்பில் உரக்கப் படித்தார். "கேட்கிறதுன்னா இதுதான்" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், இந்த முறை நல்லவிதமாக. எனக்குப் பிடித்திருந்தது. பொய் எழுதுவானேன், ரொம்பப் பிடித்திருந்தது.

தளபதி அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டான். அக்காவுக்கு ஒரு விளக்கு. ஸ்டாப் கம்பத்தில் ஒரு பெட்டி, பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், டிரைவர் பார்ப்பார். ஒட்டு பெரிய தாளில் அக்காவை வரைந்தான். பையை மட்டும் இரண்டு பச்சையில் தீட்டினான். அவளுக்கு முடி எப்படி, செருப்பு எப்படி என்று என்னிடம் கேட்டுக் கேட்டு வரைந்தான். நானும் அள்ளிவிட்டேன்.

சுண்டு ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மாவும் அதே பஸ்தான்" என்றாள். அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவை அறையில் வேலை. எனக்கு அது எப்படி மறந்துபோனது?

பிப்ரவரி 10, செவ்வாய்

பெட்டி பாதி முடிந்தது. தளபதி ஒயர் பற்றவைக்கிற சால்டரிங் கோலில் கையைச் சுட்டுக்கொண்டு போர்க்காயம் மாதிரி காட்டித் திரிகிறான்.

பிப்ரவரி 13, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம் சுண்டு கேட்டாள். "அந்த அக்கா டெய்லி வருவாங்களா?"

"ஏன்?"

"அம்மாகிட்ட சொன்னேன். அம்மா தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்புல தனியாத்தான் நிப்பாங்க, அங்க ஒரு ஈ காக்கா இருக்காது. இன்னொருத்தங்களும் தனியா நிக்கிறாங்கன்னதும் மார்க்கெட்டுக்கே நடந்து போறாங்க, புதன்கிழமைலேர்ந்து. ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கும்ல. ஆனா மூணு நாளா அவங்க வரலயாம்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. வகுப்புச் சுவரில் அந்தப் படம், தளபதியின் கையில் பிளாஸ்திரி, சுண்டுவின் முகம் — நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஊருக்குப் போறதா சொன்னாங்க. திங்கக்கிழமை வந்துடுவாங்க."

ஏன்டி அப்படிச் சொன்ன? யாரு கேட்டா உன்ன? தெரியலன்னு சொல்லியிருந்தாக்கூடப் போதுமே.

பிப்ரவரி 15, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டியிலிருந்து மார்க்கெட்டுக்கு நடந்து பார்த்தேன். பட்டப்பகலில் பதினோரு நிமிஷம். நடுவில் மரக்கடை, பூட்டிய ஷட்டர்கள், குப்பைத் தொட்டியைச் சுற்றி ஆறு நாய். வீட்டுக்கு வந்து சுண்டுவுக்கு போன் போட்டேன். அவள் எடுத்ததும் வீட்டுப்பாடம் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து யாருடைய ஃபிரிட்ஜ் கதவையோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார். "மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க?" என்றார். தலைவலி என்றேன். இதையும் சேர்த்து எத்தனை பொய்?

பிப்ரவரி 16, திங்கள்

சுண்டு வரவில்லை. அவள் அம்மா காலையில் மரக்கடைக்கு முன்னால் விழுந்துவிட்டார். நாய் துரத்தியிருக்கிறது. முட்டியில் ஐந்து தையல்.

என்னாலதான். வேற யாராலயும் இல்ல.

பிப்ரவரி 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

தண்ணீர்க் குழாயடியில். சுண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தாள். பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். "அந்த அக்கா இல்ல. நானா எழுதினது" என்று மட்டும்தான் வந்தது. பாட்டில் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"பச்சைப் பைகூடவா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

குழாயை மூடினாள். போய்விட்டாள். மத்தியானம் சாப்பிட அவள் வேறு பெஞ்சுக்குப் போனபோது வகுப்பில் ஒருத்தருக்கும் அது விசேஷமாகத் தெரியவில்லை. பத்து வருஷத்தில் முதல் தடவை.

பிப்ரவரி 18, புதன்

தளபதியிடமும் ஒட்டுவிடமும் சொன்னேன். தளபதி கத்தினான். "ஒரு வாரம்! ஒரு வாரம் நான் இல்லாத ஆளுக்கு விளக்கு பண்ணியிருக்கேன்! கையெல்லாம் சுட்டுக்கிட்டு!" ஒட்டு சுவரிலிருந்த படத்தைக் கழற்றிச் சுருட்டினான். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பிறகு டீச்சரிடம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை வகுப்புல படிச்சது நான். எனக்கும் அசிங்கமாத்தான் இருக்கு" என்றார். விளக்கை ஓரம் வைத்துவிட்டு முதலிலிருந்து கேட்க வேண்டும். ஆறாம் தேதி தள்ளிப்போகாது. என்ன நடந்தது என்பதை அன்றைக்கு மேடையில் நானேதான் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 21, சனி

சுண்டு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனாள். வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை.

அவள் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டியில் கட்டு. நான் நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

"உக்காரு" என்றார். "விழுந்தது என் நேரம். தையல் பிரிச்சுட்டாப் போச்சு." கட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டார். "ஆனா நாலு நாளும் நடக்கறப்போ அவங்ககிட்ட என்ன பேசலாம்னு யோசிச்சுட்டே போனேன். எந்த வேலை, எத்தனை பிள்ளைங்க, பையில என்னன்னு. அப்படி ஒருத்தங்க இல்லவே இல்லைன்னதும்தான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

நான் அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார், எழுந்திருக்க முடியாத நிலையில் கையெட்டிய சொம்பிலிருந்து. சுண்டு அடுப்படியில் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது கேட்டேன். நிஜமாகவே கேட்டேன், நோட்டு இல்லாமல். "பஸ் நிக்காமப் போகுமா ஆன்ட்டி?"

"பஸ்ஸா? அது நல்லா நிக்குமே. டிரைவருக்கு எங்களை எல்லாம் தெரியும்."

எங்களை எல்லாம் என்றால் யார் யார்?

பிப்ரவரி 24, செவ்வாய்

தளபதி குழு வேலை பற்றிய செய்திகளை என்னைத் தவிர்த்து அனுப்புகிறான். ஒட்டு எனக்குத் திருப்பி அனுப்புகிறான். ராத்திரி சுண்டுவிடமிருந்து ஒரு செய்தி, எட்டு நாளில் முதலாவது:

"வெள்ளிக்கிழமை அம்மா வேலைக்குப் போறாங்க. முதல் பஸ்ல நானும் போறேன். நீ கேளு. நான் எழுதறேன்."

நான் எழுத வேண்டாம் என்கிறாள். சரி. சரிதான். பத்துத் தடவை படித்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

நாலரைக்கு எழுந்தேன். அப்பா துணைக்கு வந்தார், ஏறினதும் கடைசி சீட்டில் தூங்கிப்போனார்.

தண்ணீர்த் தொட்டியில் சுண்டுவின் அம்மா, சுண்டு, நாங்கள். மார்க்கெட்டில் யாரும் இல்லை. யார் இருப்பார்கள்? தபாலாபீஸ் ஸ்டாப்பில் ஒருவர் தனியாக ஏறினார், பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை. பாலத்தடியில் இன்னொருவர் தனியாக, ஹோட்டல் சமையலறை. இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். தினமும் இப்படித்தானாம்.

ஃபேக்டரி அக்காவிடம் முதலில் போனேன். எழுப்பித் திட்டு வாங்குவேனோ என்று பயந்தேன். "காத்துக்கிட்டிருக்கும்போது என்னக்கா கஷ்டம்?" என்றேன்.

"தெரியல. யோசிச்சதில்ல."

நான் வாயைத் திறந்தேன். இருட்டா, தனிமையா, பயமா என்று மூன்று பதில் என்னிடமே தயாராக இருந்தது. சுண்டு முழங்கையால் இடித்தாள். அவள் நோட்டில் 'தெரியல. யோசிச்சதில்ல' என்று அப்படியே எழுதிக்கொண்டிருந்தாள். நாங்கள் சும்மா இருந்தோம். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு ஸ்டாப் போயிற்று.

"வீட்டுலேர்ந்து ஸ்டாப்புக்கு வர்ற வரைக்கும் போன்ல பேசுற மாதிரி நடிப்பேன்" என்றார் அக்கா திடீரென்று. "யாரும் இருக்க மாட்டாங்க லைன்ல."

முன் சீட்டில் சமையலறை அக்கா திரும்பினார். "நீங்களுமா? நான் சாவிய விரல் நடுவுல பிடிச்சுட்டு வருவேன். உங்க வீடு எங்க?"

"பால் பூத்துக்குப் பின் தெரு."

"நான் அதுக்கு அடுத்த தெருங்க!"

சுண்டுவின் அம்மா கட்டுப் போட்ட காலோடு எழுந்து நின்றேவிட்டார். "பால் பூத்தா? நான் அதுக்கு எதிர்ச் சந்து!"

மெயின் ரோடு பால் பூத்தைச் சுற்றி வளைந்து போகிறது, மூன்று தெருவும் அதில் வெவ்வேறு இடத்தில் போய் முட்டுகின்றன. அதனால் மூன்று ஸ்டாப். எத்தனை வருஷமாக ஒரே பஸ்ஸில் போகிறார்கள் என்று கணக்குப் போட்டு மூன்று பேரும் சிரித்தார்கள். அதற்குமேல் எங்களை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. சுண்டு மட்டும் விடாமல் எழுதினாள்.

மார்ச் 3, செவ்வாய்

"காட்டறதுக்கு என்ன இருக்கு? ஒரு மேப்பு!" தளபதி காலையிலிருந்து புலம்பல். பக்கத்துக் குழு தானாகக் குப்பையை மூடும் தொட்டி செய்திருக்கிறது. எங்களுடையது ஒட்டு வரைந்த மூன்று தெரு, ஒரு பால் பூத். திங்கட்கிழமையிலிருந்து மூன்று பேரும் பால் பூத்தில் சேர்ந்து, ஒன்றாகத் தண்ணீர்த் தொட்டிக்கு நடக்கிறார்கள். அவர்களே பேசி முடிவு செய்தது. நாங்கள் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மேடையில் சொன்னேன். கால் ஆடியது, மேஜைக்குப் பின்னால் இருந்ததால் தெரிந்திருக்காது. இல்லாத ஓர் ஆளை நான் எழுதியதையும், அவளைத் தேடிப் போய் ஒருவர் விழுந்ததையும் சொன்னபோது அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். நடுவர் ஒருவர், "இதுல நீங்க செஞ்ச பொருள் எது?" என்று கேட்டார். தளபதி எழுந்து, "எதுவும் இல்ல சார்" என்றான், மார்பை நிமிர்த்திக்கொண்டு. அவனை எனக்கு முதல் தடவையாகப் பிடித்தது.

பரிசு தொட்டிக்கு. எங்களுக்குக் கடைசிக்கு முந்தின இடம்.

சுண்டு என்னுடன் இதுவரை குழு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினாள். இனி குழு வேலையும் இல்லை.

மார்ச் 9, திங்கள்

பேசவில்லை.

மார்ச் 12, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. முதல் பீரியட் தொடங்குவதற்கு முன் சுண்டு வந்து பழைய இடத்தில், என் பக்கத்தில் பையை வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஈரச் சாக்ஸைக் கழற்றிப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"அம்மா இன்னிக்குக் குடை எடுக்காமப் போயிட்டாங்க. ஃபேக்டரி அக்கா குடையில மூணு பேரும் போனாங்களாம். மூணு பேரும் தொப்பலா நனைஞ்சுட்டாங்களாம்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.