பாயில் உட்காரும் கேள்வி இல்லாத படிவம்

அனுப்புநர்
இனோசி நைவாலு (வயது 74),
ஓய்வுபெற்ற வானிலை அளவீட்டாளர்,
வைனிவூலா கிராமம்,
லோமாய்விட்டி தீவுகள், பிஜி.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
தீவுகளின் மூட்டு மாற்று ஆய்வுப் பிரிவு,
சுவா.

பொருள்: முழங்கால் மாற்று சிகிச்சை பெற்றோரிடம் கேட்கப்படும் ஆண்டுக் கேள்விகளில் உள்ள குறை குறித்தும், திரு. சக்கியூசா தம்பூவாவின் அறுவை சிகிச்சை நாள் கைவிட்டுப் போகாமல் காக்க வேண்டியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனு நீண்டுவிட்டது. தங்களுக்கு வேலை மிகுதி என்பதால் இதில் கூறவிருப்பவற்றை முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்.

1. தங்கள் படிவத்தில் பாயில் உட்காருவது பற்றிக் கேள்வி இல்லை.
2. மாற்று முழங்காலோடு பாயில் உட்கார முடிகிறது. இதை நான் அளந்து பார்த்திருக்கிறேன்.
3. தங்கள் கையேடு இதை வாழ்நாள் முழுவதும் தடை செய்திருப்பது தவறு.
4. இத்தடையால் ஒருவர் தம் சிகிச்சையையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 19-க்குள் அவர் மனத்தை மாற்ற வேண்டும்.

நான் மருத்துவம் படித்தவன் அல்ல. இதை எழுதலாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். என் இடது முழங்காலை நான்கு ஆண்டுகளுக்கு முன் தங்கள் குழுவினர்தாம் மாற்றினார்கள். வலி போயிற்று. அதற்கு நன்றி கூறாமல் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நன்றியை முதலில் ஏற்க வேண்டுகிறேன்.

1. ஆண்டுதோறும் தங்கள் செவிலியர் செல்வி லித்தியா படகில் வந்து எங்களிடம் பதினேழு கேள்விகள் கேட்கிறார். காரில் ஏறி இறங்க முடிகிறதா, மாடிப்படி இறங்க முடிகிறதா, தனியாகக் கடைக்குப் போக முடிகிறதா என்பவை அவற்றுள் சில. எங்கள் கிராமத்தில் மாடி வீடு இல்லை. கார் கேள்வி வந்தபோது என் அண்டை வீட்டார் திருமதி உனைசி (வயது 71) சொன்னதை அப்படியே தருகிறேன்: "காரா? இங்கேர்ந்து கார்ல ஏறணும்னா மொதல்ல கடல்ல இறங்கணும்டி பொண்ணே!" செல்வி லித்தியா சிரித்துக்கொண்டே "சிரமமில்லை" என்று குறித்துக்கொண்டார்.

நாங்கள் உண்பது, ஜெபிப்பது, துக்கம் கேட்பது, பெண் கேட்பது, யங்கோனா வேர்ப்பானம் பருகுவது எல்லாம் பாயில். சபை வீட்டில் குலத்தலைவர் பாயில் இருக்கையில் அவர் தலைக்கு மேல் இன்னொருவர் தலை உயர்ந்திருக்கக் கூடாது. எனவே முழங்கால் மாற்றிக்கொண்ட நாங்கள் பின்வாசலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருகிறோம். உள்ளே பேசுவதில் பாதி காதில் விழும். மழை வந்தால் அதுவும் இல்லை. தங்கள் ஆய்வின்படி எங்களுக்குச் செய்த சிகிச்சை முழு வெற்றி. அந்த வெற்றிதான் வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது.

2. இனி, நான் கண்டதையும் அளந்ததையும் கூறுகிறேன்.

ஏப்ரல் 13 அன்று ஒரு துக்க வீட்டில் பெருமழை பிடித்துக்கொண்டது. வெளியே இருந்தவர்கள் எல்லாரும் உள்ளே ஓடினோம். திருமதி உனைசி, அழுகிற பெண்களின் நடுவில், எங்கள் பெண்களின் வழக்கப்படி இரு காலையும் ஒருபக்கமாக மடித்துப் பாயில் உட்கார்ந்தார். அவர் வலது முழங்கால் 2016-இல் மாற்றப்பட்டது. சுவரோரம் நின்றிருந்த நான் பழக்கத்தால் கடிகாரத்தைப் பார்த்தேன். 2.10 முதல் 3.55 வரை அப்படியே இருந்தார். பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்து, சேனைக்கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். மறுநாள் நான் இதைச் சொன்னதும் அவர் அலறிவிட்டார்: "நானா? பாயிலயா? ஐயோ அண்ணே, முட்டி உள்ள ஒடஞ்சு கெடக்குதா பாருங்க!" முட்டி நன்றாக இருந்தது.

பிறரைச் சோதிக்குமுன் என்னைச் சோதிப்பதே முறை. மே 18 காலை என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டில் காலைப் பிடித்தபடி பாயில் இறங்கிச் சம்மணமிட்டேன். நூறு வரை எண்ணினேன். எழுந்தேன். முப்பத்தொரு ஆண்டுகள் மழையை அளந்தவன் நான், ஐயா. எந்த அளவைப் பார்த்தும் துள்ளியதில்லை. அன்று துள்ளினேன்.

அதன்பின் நான்கு கிராமங்களில், என்னையும் சேர்த்து, ஒன்பது பேரைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எங்கள் சுகாதார நிலையச் செவிலியர் உடனிருந்தார். கயிற்றால் இணைத்த இரு மூங்கில் குச்சிகளும் பள்ளிப் பெட்டியில் இருக்கும் கோணமானியும் என் கருவிகள். ஒவ்வொருவர் முழங்கால் மடக்கத்தையும் மும்முறை அளந்து நடு அளவை எடுத்தேன். ஐந்து பாகை வரை பிழை இருக்கலாம். ஆறு பேர் தாமாகவே உட்கார்ந்து எழுந்தார்கள். ஒருவர் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருவரால் முடியவில்லை, அவர்களுள் திரு. பெனி என்பவர் அழுதுவிட்டார். அதை விட்டுவிட்டு எழுதினால் இது ஆய்வாகாது.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. அந்த ஆறு பேரும் சிகிச்சைக்கு முந்தைய வாரம்வரை வலியோடு பாயில் உட்கார்ந்துகொண்டிருந்தவர்கள். முடியாத இருவரும் வலி தாளாமல் நாற்காலிக்கு மாறி, ஓராண்டுக்கு மேல் கழிந்தபின் சிகிச்சை பெற்றவர்கள். மடங்கிக்கொண்டிருக்கும் காலை மாற்றினால் அது பிறகும் மடங்குகிறது. மடங்க மறந்த காலை மாற்றினால் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்பது பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதை அறிவேன். தங்களிடமோ நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள்! ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால் ஓராண்டில் விடை தெரிந்துவிடும். இதை எண்ணி எனக்கு உறக்கம் வருவதில்லை.

3. தங்கள் கையேடு "எப்போதும் நாற்காலியில் உட்காரவும், தரையில் உட்காரக் கூடாது" என்கிறது. அதை எங்கள் மொழியில் ஆக்கித் தந்தவன் நான் என்பதால் வாசகம் எனக்கு மனப்பாடம். அது எங்கள் தீவில் எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. எங்கள் வாழ்க்கையை அறியாதவர்கள் எழுதிய அவ்வரியால் நாங்கள் ஆண்டுக்கணக்கில் வெளியே இருந்திருக்கிறோம் என்பதைப் பணிவுடன், ஆனால் சற்றே வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

4. திரு. சக்கியூசா தம்பூவா (வயது 66) எங்கள் குலத்தலைவரின் பேச்சாளர். விருந்தினர் வந்தால் குலத்தலைவர் முன் பாயில் அமர்ந்து அவர் சார்பில் பேசுவது இவர் பணி. 1981-இல் ரக்பி ஆட்டத்தில் இவரது வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அது கோணலாகச் சேர்ந்ததால் மூட்டு தேய்ந்துவிட்டது. இன்றும் தினமும் பாயில்தான் உட்காருகிறார். எழுப்ப இருவர் வேண்டும். சென்ற மாதம் விருந்தினர் முன்னிலையில் பேச்சின் நடுவே வலியால் சொல் நின்றுபோயிற்று. குலத்தலைவர் தலை குனிந்துகொண்டார்.

ஆகஸ்ட் 19-க்கான தங்கள் குழுவின் அறுவை சிகிச்சைப் பட்டியலில் இவர் பெயர் இருந்தது. ஜூலை 2 அன்று அதை அடித்துவிடச் சொல்லிவிட்டார். இவர் என் அத்தை மகன். எங்கள் வழக்கில் அத்தகையோர் ஒருவரையொருவர் கேலி செய்யலாம். அதில் தோற்பவன் எப்போதும் நானே. காரணம் கேட்டதற்கு இவர் சொன்னது: "புது முட்டின்னா நாற்காலி. நாற்காலின்னா வேலை போச்சு. குலத்தலைவரு கீழ இருக்க, வவ்வாலு மாதிரி ஒசரத்துல தொங்கிக்கிட்டு நான் பேசவா மச்சான்?"

என் அளவுகளைக் காட்டினேன். "நீ பெஞ்ச மழைய அளந்தவன். பெய்யப்போற மழைய ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கியா? டாக்டர் வாயால வரட்டும், அப்பவே போயி படுத்துக்குறேன்" என்றார்.

அவர் கூறியது நியாயமே. ஆனால் வலி அவரை நாற்காலிக்குத் தள்ள அதிக நாள் ஆகாது. ஆகஸ்ட் 19-ஐத் தவறவிட்டு, குழு அடுத்த முறை வருவதற்குள் அவர் கால் மடங்க மறந்துவிட்டால், பிறகு சிகிச்சை செய்தும் அவர் பாய்க்குத் திரும்ப மாட்டார் என்று அஞ்சுகிறேன்.

ஆகவே, பாயில் உட்காருவது பற்றிய கேள்வியைத் தங்கள் படிவத்தில் சேர்க்கவும், கையேட்டில் உள்ள தடையைத் திருத்தவும், எல்லாவற்றுக்கும் முன்பாக, அறுவை மருத்துவர் ஒருவர் எங்கள் சுகாதார நிலையத் தொலைபேசியில் திரு. சக்கியூசாவிடம் தாமே பேசி அவர் பெயரை மீண்டும் பட்டியலில் சேர்க்கவும் ஆவன செய்யுமாறு வேண்டிக்கொள்கிறேன். உறுதி எதுவும் தரத் தேவையில்லை. முடியக்கூடும் என்று ஒரு மருத்துவர் சொன்னால் போதும். அளவுகள் அடங்கிய பதினொரு தாள்களை இணைத்துள்ளேன்.

இடம்: வைனிவூலா
நாள்: 27-07-2019

தங்கள் பணிவுள்ள,
இனோசி நைவாலு

பின்சேர்க்கை: மேற்கண்டதில் கையொப்பமிட்ட பிறகு, இணைப்பதற்காகக் கையேட்டின் ஆங்கில மூலத்தை என் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதில் "முதல் பன்னிரண்டு வாரங்களுக்குத் தரையில் உட்கார வேண்டாம்; பிறகு மருத்துவரைக் கேட்டு முயலலாம்" என்றே இருக்கிறது. என் மொழிபெயர்ப்பின் கைப்படியும் அதனுடனேயே இருந்தது. பன்னிரண்டு வாரங்கள் என்று முதலில் சரியாகவே எழுதியிருக்கிறேன். பிறகு அதை அடித்து "எப்போதும்" என்று மாற்றி, ஓரத்தில் "யாருக்கும் தீங்கு வந்துவிடக் கூடாது" என்று குறித்திருக்கிறேன். எழுத்து என்னுடையது. இதைச் செய்தது எனக்கு நினைவில்லை. ஆனால் நான் செய்யக்கூடியதுதான்.

எங்கள் வாழ்க்கையை அறியாதவர்கள் என்று தங்களைக் குறை கூறினேன். அறிந்த நானே அந்தத் தடையை எழுதியிருக்கிறேன். திருமதி உனைசியையும், திரு. பெனியையும், மற்றவர்களையும் வெளியே உட்காரவைத்தது நான். இன்று பிற்பகல் வீடு வீடாகப் போய்ச் சுவரில் உள்ள அவ்வரியை என் கையாலேயே திருத்துவேன். சக்கியூசாவிடமும் சொல்வேன். இனி என் பேச்சை அவர் நம்ப இன்னும் குறைவான காரணமே உண்டு என்பதால், மருத்துவரின் குரல் முன்னிலும் அவசரமாகத் தேவைப்படுகிறது.

படகு புறப்படுகிறது, மனுவைத் திருத்தி எழுத நேரமில்லை. மூன்றாவது குறையைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். நான்காவதை அடித்துவிட வேண்டாம்.

இ. நை.