மரவள்ளி பிடுங்க வந்தது

எலவனாசூர்கோட்டை
5.1.2025

அன்புத் தங்கை மலர்விழிக்கு,

அக்கா அமலோற்பவம் எழுதுவது. போனில் நீ பேசுவது என் மந்தக் காதில் விழுவதில்லை. அதனால்தான் கடிதம்.

நகைக்கடைக் குலுக்கலில் நம் இருவருக்கும் இலங்கைப் பயணம் விழுந்திருக்காவிட்டால், ஒரே மாவட்டத்தில் இருந்தும் யாரோ எவரோவாகவே இருந்திருப்போம். முதல் நாள் அறையில் நீ ஒரு மூலை, நான் ஒரு மூலை. நுவரெலியாவில் நான் குளிர்காய்ச்சலில் நடுங்கியபோது உன் போர்வையையும் எனக்குப் போர்த்திவிட்டாயே! காய்ச்சல் விட்டதும் கண்டியில் ஒரே தட்டில் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். தம்பி வீட்டில் இத்தனை பேர் இருந்தும், நான் அப்படிச் சிரித்து வருடக்கணக்காகிறது. மகளைத் திருப்பூருக்குக் கட்டிக்கொடுத்த பிறகு உனக்கும் பேச ஆளில்லை என்றாய்.

20ஆம் தேதி செபஸ்தியார் திருவிழா. விருந்துக்கு அவசியம் வா. கூச்சப்படாதே.

உன் அக்கா
அமலோற்பவம்


கச்சிராயபாளையம்
22.1.2025

அமலோற்பவம் அம்மாவுக்கு,

மலர்விழியின் வணக்கம். ஊர் வந்து சேர்ந்தேன். வந்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

புதுப்புடவை கட்டிக்கொண்டு உங்கள் வாசலில் நின்றேன். உங்கள் தம்பி எட்வின் சார், "இன்னா, யாரு இது?" என்றார். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு, "மரவள்ளி புடுங்க ஆள் சொல்லியிருந்தேன். அதான் வந்திருக்குது" என்றீர்கள்.

பின்பக்கமாக வரச் சொன்னார்கள். கிணற்றோரம் இலையில் பிரியாணி வந்தது. சாப்பிட்டேன். ஏன் சாப்பிட்டேன் என்றுதான் தெரியவில்லை. கிளம்பும்போது உங்கள் தம்பி, "நாளைக்குக் காலையில வந்துடு" என்றார். "சரிங்க" என்றேன்.

நான் கூலி வேலைதான் செய்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் என்னைக் கூப்பிட்டது நீங்கள்.

மலர்விழி


எலவனாசூர்கோட்டை
27.1.2025

மலர்விழிக்கு,

உன் கடிதத்தைப் படித்து விக்கித்துப் போனேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய இருந்தேன். தம்பி மகள் ஜெஸியைக் கேட்டேன். அவள் என் காதருகே குனிந்து, "சொன்னீங்க அத்தை. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்" என்றாள்.

யோசித்துச் சொல்லியிருந்தால் தம்பிக்குப் பயந்து சொன்னேன் என்றாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். யோசிக்காமலே வந்திருக்கிறது, தினம் செபமாலை சொல்லும் இந்த வாயிலிருந்து. நீ கிணற்றோரம் சாப்பிட்டபோது நான் கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்தேன். கூட்டம் குறைந்ததும் பேசலாம் என்று நினைத்தது மட்டும் நினைவிருக்கிறது. வந்து பார்த்தபோது நீ போய்விட்டிருந்தாய்.

இன்று சாப்பாட்டின்போது தம்பியிடம் சொன்னேன்: "அன்னிக்கு வந்தவங்க என் சிநேகிதி. நான் கூப்பிட்டு விருந்துக்கு வந்தவங்க. நான்தான் பொய் சொல்லிட்டேன்." அவன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். "இத வெளிய சொல்லிக்கினு இருக்காதக்கா" என்றான். அதன்பிறகு இந்த வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

9ஆம் தேதி ஞாயிறு பூசை முடிந்து உன் வீட்டுக்கு வரலாமா? வேண்டாமென்றால் வரமாட்டேன்.

அமலோற்பவம்


கச்சிராயபாளையம்
31.1.2025

அமலோற்பவம் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஜெஸியைக் கேட்காமலே, 'சொல்லவில்லை' என்று எனக்கு எழுதியிருக்கலாம். நானும் நம்பியிருப்பேனோ என்னவோ. கேட்டீர்கள். அதை அப்படியே எழுதவும் செய்தீர்கள். அதனால்தான் பதில் போடுகிறேன்.

வாருங்கள். பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன். மேலே 'அக்கா' என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. நேரில் வாய் வருமா என்றும் தெரியவில்லை. அதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள்.

மலர்விழி