டிரையர் குழாய்க்கு ஓர் ஓட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போனில் பேசினால் அறையில் எல்லோரும் கேட்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஓசூர் கம்பெனி விடுதியில் மொட்டைமாடியைப் பூட்டிவிட்டதால் துணிகளை டிரையரில்தான் காயவைக்கிறோம். படித்த பெண் என்று அதைச் சுத்தம் செய்யும் வேலையை வார்டன் ரத்னம்மா எனக்குக் கொடுத்துவிட்டார். வடிகட்டியில் சேரும் பஞ்சைத் தினமும் எடுத்தும் போன வாரம் கருகல் வாடை வந்தது. பயப்படாதீர்கள், உடனே சுவிட்சை அணைத்துவிட்டேன். பார்த்தால், சூடான காற்று ஜன்னல் வழியாக வெளியேறும் குழாயை அடைத்து, அந்த ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தார்கள்.

"எதிர்ல பசங்க ரூம் இருக்குது. ஜன்னல் தெறந்தா ஆகாதும்மா," என்றார் வார்டன்.

"காத்து மட்டும் போகட்டும் மேடம்," என்றேன்.

குழாய் அளவுக்குப் பலகையில் ஓட்டை போட்டார்கள். துணி இப்போது நன்றாகக் காய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போக நான் கேட்டால் விடுவதில்லை. அப்பா சொன்னால்தான் விடுவார்களாம். வார்டனுக்கு ஒரு போன் போடுங்கள். நான் சோப்பு வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள். சோப்பு இருக்கிறது, அப்பா. கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
முத்துச்செல்வி