அட்டை யாருக்குக் கிடைத்தது?

அன்பு மர்சியா,

மஷ்ஹத்தில் இமாம் ரெசாவின் நிழலில் நீயும் பிள்ளைகளும் நலமா? உன் முட்டிவலி குறைந்ததா? நான் நலம். தலையில் ஒரு கீறல், நாலு தையல், அவ்வளவுதான். அதற்காகப் பாதி முடியை மழித்துவிட்டார்கள். மீதியையும் எடுத்துவிடலாம் என்று டமாஸ்கஸில் ஒரு சவரக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அபூ நிசார், யாத்ரீகர்களிடம் நம் பாரசீகம் கற்றவர். சும்மா விடவில்லை.

"ஆப்கான்காரனுக்கு எங்க ஊர்ச் சண்டைல என்ன தம்பி வேலை?"

"சைனப் அம்மா தர்காவுக்குக் காவல்ணே. ஈரான்காரங்கதான் படைல சேர்த்தாங்க. அங்க மஷ்ஹத்ல குடும்பத்தோட குடியிருக்க அனுமதி அட்டை தருவாங்களாம்."

"ஈரான்ல குடியிருக்க சிரியாவுல வந்து சுடணுமா? அங்கயே ஆபீஸ்ல வரிசைல நின்னா ஆகாதா?"

கத்தி காதோரம் இருந்ததால் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"சரி, இதுவரைக்கும் யாருக்குக் கிடைச்சுது?" என்றார்.

அது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. முகாம் முழுக்க விசாரித்துவிட்டேன். போன மாதம் சவப்பெட்டியில் ஊருக்கு அனுப்பிவைத்தோமே யாகூப், அவனுக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. மனைவி போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினாளாம்.

கம்பளிக் காலுறையும் கொஞ்சம் உலர்ந்த முசுக்கட்டைப் பழமும் அனுப்பு. வண்டி கிளம்புகிறது. மர்சியா, எனக்கு முன்னால் அட்டை வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்காதே.

உன் சகிதாத்