ஒரு மூட்டை அரிசி

நலம் விசாரித்து எழுதிய என் கணவருக்கு,

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். விவரமாகவே சொல்கிறேன்.

தையல் கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை பிடித்திருக்கிறேன். முதல் சம்பளம் கைக்கு வந்ததும் நேராக மளிகைக் கடைக்குப் போனேன். பருப்பு, எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு, கூடவே ஒரு முழு மூட்டை அரிசி. கடைக்காரர் சிரித்தார்.

"என்னம்மா, ஊரையே கூப்பிட்டு விருந்து வைக்கப் போறியா?"

"இல்லண்ணே, எல்லாம் எனக்கு ஒருத்திக்குத்தான்."

மூட்டை கட்டிலுக்கடியில் நுழையவில்லை. கதவோரமாக நிற்கிறது. வேலை முடிந்து உள்ளே வரும்போதெல்லாம் அதை ஒரு தட்டு தட்டிக்கொடுக்கிறேன். இங்கே அலமாரிக்குப் பூட்டு கிடையாது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு என் தட்டை எட்டிப்பார்க்க உங்கள் அம்மாவும் கிடையாது.

அன்றைக்கு நான் இரண்டாம் தடவை சோறு கேட்டபோது, "இவ வயித்துக்கு வடிச்சுக் கொட்டியே குடும்பம் அழிஞ்சிரும்" என்றார் அவர். நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் மறந்திருக்கலாம். என் வயிறு மறக்கவில்லை.

நேற்று சுடச்சுட வடித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தேன். மூக்கு முட்டத் தின்ற பிறகும் பானையில் மீதி இருந்தது. அதையும் விடவில்லை. நான் விட்ட ஏப்பம் பக்கத்து அறை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டுமே.

எப்போது திரும்பி வருவாய் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூட்டையை இப்போதுதான் பிரித்திருக்கிறேன். அடுத்த மூட்டைக்கும் கடைக்காரரிடம் சொல்லி வைத்தாயிற்று.

இப்படிக்கு,
இரண்டாம் தடவை சோறு கேட்டவள்